அக்கா வாசிக்காத வரிகள்

ராட்டர்டாம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கும், பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கிற அப்பாவுக்கும்,

பத்திரமா வந்து சேந்துட்டேன். காய்ச்சல், தலைவலி ஒண்ணும் இல்ல, மூக்கு மட்டும் குழாய் மாதிரி ஒழுகுது. அப்பாவோட முழங்கால் எப்படி? கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடுறாரா? அக்கா, உங்க கழுத்து வலி குறைஞ்சுதா?

போன்ல பேசினா அப்பாவுக்கு ஒண்ணும் விளங்காது. “ஆர்? ஆர் பேசுறது?”ன்னு நாலு தரம் கேட்டுட்டு வச்சிடுவார். அதான் கடிதம். அவருக்குக் கண்ணும் தெரியாது, நீங்க ஞாயித்துக்கிழமை பொங்கோல்லேருந்து கேலாங் போகும்போது, அவர் வலது காதுப் பக்கமா உக்காந்து மெதுவா வாசிச்சுக் காட்டுங்க.

அப்பா, நம்ம கம்பளிப்பூச்சி ரோபோ இங்கயும் ஏறுது! இந்த ஊர்க்காரங்க மூடின சாக்கடைச் சுவர்ல பாசி வழுக்கும், எந்த ரோபோவும் நிக்காதுன்னு சொன்னாங்க. விட்டுக் காட்டினேன். குடுகுடுன்னு ஏறிப் போய் மேல நின்னுச்சு. காலுக்கு என்ன போட்டீங்கன்னு ஒருத்தர் குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். அம்மாவோட இடியப்ப உரல்ல சிலிக்கானைப் பிழிஞ்சு எடுத்த நூல்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறார் லா.

அக்கா, நம்ம லேப் பொறுப்பாளரா நீங்க கையெழுத்துப் போடலன்னா, டிப்ளமா மட்டும் வச்சிருக்கிற ஒரு லேப் டெக்னீஷியனை யார் எட்டு மாசம் இங்க அனுப்புவாங்க? வாயால நன்றி சொன்னா திட்டுவீங்க, அதான் எழுத்துல சொல்றேன்.

ஒரு விஷயம் மட்டும் மறந்துடாதீங்க. கம்பளிப்பூச்சியைக் காலேஜ்ல கண்டுபிடிப்பாப் பதியிற ஃபார்ம், செப்டம்பர் முடியிறதுக்குள்ள போகணும். அதுல என் பேரு இருந்தாத்தான் டிகிரி இல்லாத ஸ்டாஃபுக்குக் கொடுக்கிற மாஸ்டர்ஸ் இடத்துக்கு நான் ஜனவரியில அப்ளை பண்ண முடியும். முப்பத்தஞ்சு வயசு தாண்டினா அதுவும் கிடையாது. எனக்கு இதான் கடைசி வருஷம். என் நோட்டு லேப் டிராயர்ல இருக்கு, சாவி உங்ககிட்ட. முதல் நாள்லேருந்து தேதி போட்டு எல்லாம் எழுதியிருக்கேன்.

உங்கள் அன்புத் தம்பி,
மதுசன்


பொங்கோல்
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்க எல்லாரும் நல்ல சுகம். என் கழுத்து அப்படியேதான் இருக்கு, பரீட்சைத் தாள் திருத்துற வரைக்கும் அது போகாது. அப்பா சொட்டு மருந்துக்குக் கண்ணைத் திறக்கச் சொன்னா வாயைத் திறக்கிறார். நீ மூக்குக்கு ஆவி பிடி.

ஃபார்ம் போய்ட்டுதுடா, கவலைய விடு. நீ அங்க வேலையைப் பாரு.

நம்ம அனுப்ரியா ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குக் கம்பளிப்பூச்சியைத்தான் எடுத்திருக்கா. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனா உன் நோட்டைப் பாத்துட்டு ரெண்டு பேரும் தலையில கை வச்சுட்டு உக்காந்தோம். கோழி கிறுக்கினாக்கூட ஒரு ஒழுங்கு இருக்கும்! சிலிக்கான் எவ்வளவு, கெட்டிப்படுத்துற மருந்து எவ்வளவு, எத்தனை நிமிஷம் கழிச்சுப் பிழியணும், நூலை எப்படித் தொங்கவிடணும், எல்லாத்தையும் விளக்கமா எழுதி அனுப்பு. ஒண்ணையும் விடாதே.

அப்பா சொல்லச் சொன்னது: “தம்பி, காதை மூடிக்கொண்டு திரி. வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊரில பாண் எண்டாலும் சுடச்சுடத் தின். மயிர்க்கொட்டி ஏறினது கேட்டு எனக்குப் பெரிய புளுகம், சரியான சந்தோசம்.”

அன்புடன் அக்கா,
ஆரபி


ராட்டர்டாம்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

ஆவி பிடிச்சேன், மூக்கு நின்னுடுச்சு. நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும்னு இங்க ஒரு ஜன்னலோரத்துல விளக்கு மாதிரி ஒரு மெழுகுவர்த்தி வச்சிருக்கேன். தீபாவளிக்கு அவ்வளவுதான் என் கொண்டாட்டம். அப்பா, சிவன் கோயிலுக்குப் போனா எனக்கும் சேத்துக் கும்பிடுங்க.

நீங்க கேட்டதை நாலு பக்கம் தனியா எழுதி இதோட வச்சிருக்கேன் அக்கா. எழுத்தையும் திருத்தியிருக்கேன், அனுப்ரியாகிட்ட சொல்லுங்க! முக்கியமான விஷயம் ஒண்ணு. கலந்த உடனே பிழியக் கூடாது. பதினேழு நிமிஷம். முன்னாடி பிழிஞ்சா நூல் ஒட்டிக்கும், பின்னாடின்னா உரல் திரும்பாது. அந்தப் பதினேழைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அம்மா ஒரு தரம், “மாவு கையில ஒட்டாமலும் வேணும், உதிராமலும் வேணும், அதுதான் பதம்”னு சொன்னது ஞாபகம் வந்த பிறகுதான் சரியா வந்துச்சு. நோட்டுல அதையும் எழுதியிருக்கேன். சிலிக்கானுக்குன்னு நான் வாங்கின தகடு வேற, அம்மாவோட தகடு வேற. மாத்திடாதீங்க, அப்பாவுக்கு அதுலதான் இடியப்பம்.

ஃபார்மோட காப்பி ஒண்ணு அனுப்புவீங்களா? பேரு வந்திருக்கான்னு கண்ணால பாத்தா தூக்கம் நல்லா வரும். வாட்ஸ்அப்ல கேட்டா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க. அந்த விரலை வச்சு நான் என்ன பண்றது?

உங்கள் அன்புத் தம்பி,
மதுசன்


பொங்கோல்
2 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதச் சுணங்கிப்போச்சு, கோவிக்காதே. எல்லாரும் சுகம். உனக்கு அங்க குளிர் கூடியிருக்கும், உள்ள ரெண்டு பனியன் போடு.

தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவை லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். சிராங்கூன் ரோட்ல கால் வைக்க இடமில்ல. வாழையிலை வாங்கப் போய், அப்பா கடைக்காரரோட அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினார். அவர் மதுரைக்காரராம், இவர் யாழ்ப்பாணமாம், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே முழங்கால் வலி. சிரிப்பா இருந்துச்சு.

நீ எழுதின நாலு பக்கமும் ரொம்ப உதவியா இருந்துச்சு. அனுப்ரியா இப்ப கண்ணை மூடிக்கிட்டு நூல் பிழியிறா. ஜனவரியில காலேஜ் கண்காட்சி இருக்கு, எனக்கு ஒரு நிமிஷம் உக்கார நேரமில்ல.

அப்பாவைப் பத்திதான் கொஞ்சம் கவலை. ரெண்டு வாரமா உரலைக் காணேல்லை, உரலைக் காணேல்லைன்னு குசினி முழுக்கத் தடவித் தடவித் தேடுறார். நீங்கதான் எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பீங்கன்னு சொன்னேன். வயசு போனா இப்படித்தான். அடுத்த தடவை கண் டாக்டரோட மறதிக்கும் ஒருத்தர்கிட்டக் காட்டணும்.

அப்பா சொல்லச் சொன்னது: “தம்பி, நீ எப்ப வாறாய்? வீட்டில சாமான்கள் வைச்ச இடத்தில இல்லை.”

அன்புடன் அக்கா,
ஆரபி


ராட்டர்டாம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா, அப்பா,

என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்ல. அப்பாவுக்கு மறதின்னு படிச்சதுலேருந்துதான் மனசு சரியில்ல. அப்பா, உரல் குசினியில கீழ்த்தட்டுல, அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கும். நான்தான் வச்சேன். கையை நல்லா உள்ள விட்டுப் பாருங்க.

அக்கா, ஃபார்மைப் பத்தி நீங்க ஒரு வரியும் எழுதல. மறந்திருப்பீங்க. ஆனா ஜனவரி முப்பத்தொண்ணு எனக்குக் கடைசித் தேதி. தனியாக் கேட்டா நழுவிடுவீங்க, அதனால அப்பா முன்னால வச்சுக் கேக்கிறேன். சின்ன வயசுல நீங்க மாங்கொட்டையை ஒளிச்சு வச்சப்ப அப்பா முன்னால கேட்டாத்தானே வெளிய வரும்?

அப்பா, நீங்களே கேளுங்க: “பிள்ளை, தம்பியின்ர பேரை அதில எழுதினியோ?” அக்கா என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லி அனுப்புங்க.

உங்கள் அன்புள்ள,
மதுசன்


பொங்கோல்
20 ஜனவரி 2025

தம்பிக்கு,

எல்லாரும் சுகம், நீயும் சுகமா இரு. அவசரத்துல எழுதுறேன்.

ஃபார்ம்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ தைரியமா அப்ளை பண்ணு. இதைப் போய் அப்பா முன்னால கேக்கிறதா? சின்னப் பிள்ளைப் பழக்கம் இன்னும் போகல உனக்கு.

அப்பா சொல்லச் சொன்னது: “அக்கா எல்லாம் பாத்துக்கொள்ளுவாள். நீ யோசியாதே.”

ஆரபி


ராட்டர்டாம்
2 மார்ச் 2025

அக்கா,

நான் சுகமா இல்ல. அப்பா எப்படி இருக்கார்னு மட்டும் கேட்டுக்கிறேன்.

போன வாரம் என் அப்ளிகேஷனுக்குப் பதில் வந்துச்சு. “கண்டுபிடிப்பாளர் பட்டியலில் தங்கள் பெயர் காணப்படவில்லை.” ஒரே வரி. ஏதோ தப்பு நடந்திருக்கு, அக்காவைக் கேட்டாச் சரியாயிடும்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அவ்வளவு முட்டாள் நான்.

அடுத்த நாள் அனுப்ரியா மெசேஜ் பண்ணினா. “அண்ணா, காங்கிராட்ஸ்! நம்ம கம்பளிப்பூச்சி வின் பண்ணிடுச்சு. ஆனா உங்க பேரு எங்க அண்ணா? மிஸ் ஆயிடுச்சா?” கூடவே காலேஜோட சாதனைப் பக்கம். மேல உங்க படம், ஆசிரியர் விருது. கீழ அனுப்ரியா படம், மாணவர் தங்கப் பதக்கம். அவளுக்குக் கிடைச்சதுல எனக்குச் சந்தோஷம், அவ உழைச்சா. அந்தப் பக்கத்தோட கடைசி வரியில பொடி எழுத்துல “ஆய்வக ஊழியர்களுக்கும் நன்றி.” அந்தக் கும்பல்ல ஒருத்தன்தான் நான். இந்த லேப்ல பதினோரு வருஷம்!

பேரை எடுத்தீங்க. சரி. பதவி உயர்வு, கமிட்டி, அரசியல், ஏதோ ஒண்ணு சொல்லுவீங்க. ஆனா அதே பக்கத்துல இருந்த உங்க பேட்டி வீடியோவை நான் எப்படி மறக்கிறது அக்கா? சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க. “சின்ன வயசிலிருந்து தினமும் அம்மா பக்கத்தில் நின்று இடியப்பம் பிழிந்த கை இது. அந்தக் கைக்குத்தான் இந்த யோசனை வந்தது.” கையை வேற தூக்கிக் காட்டுறீங்க. எல்லாரும் கை தட்டுறாங்க.

நீங்க என்னைக்கு அக்கா பிழிஞ்சீங்க? உங்களுக்கு டியூஷன், உங்களுக்குப் பரீட்சை, “அக்கா படிக்கட்டும், நீ வாடா”ன்னு அம்மா என்னைத்தான் கூப்பிடுவா. பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்புல, கை சிவக்கச் சிவக்க நான் பிழிவேன். நீங்க அறைக்குள்ளேருந்து “சொதி ரெடியா?”ன்னு கத்துவீங்க. உங்களுக்குப் படிப்பு, எனக்கு உரல். அதுக்காக ஒரு நாளும் நான் மனசு நொந்ததில்ல. இப்ப அந்த உரலையும் எடுத்துக்கிட்டீங்க. என் அம்மாவோட நான் நின்ன இடத்துல நீங்க போய் நின்னுக்கிட்டீங்க.

அந்த வீடியோவுல உங்களுக்குப் பின்னால கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது என்ன? அப்பா மாசக் கணக்காத் தடவித் தேடின உரல்! அவருக்கு மறதின்னு எழுதினீங்களே, கை கூசலயா?

என்னை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினீங்கன்னும் இப்பத்தான் விளங்குது. அதுக்கு நான் எழுத்துல நன்றி வேற சொன்னேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வரி விடாம.

மதுசன்


பொங்கோல்
7 மார்ச் 2025

என் அன்புத் தம்பி மதுசனுக்கு,

நீ மனசு அமைதியா, உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு கடவுளை வேண்டிக்கிறேன். உன்னை மாதிரியே நானும் கூரியர்ல அனுப்புறேன், சீக்கிரம் கிடைக்கட்டும்னு.

நீ கோவிக்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா என் நிலைமையையும் பாரு. நான் புரொஃபசர் ஆகிறதா இல்லையான்னு இந்த வருஷம்தான் முடிவாகும். ஃபார்ம்ல ரெண்டு பேரு இருந்தா யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு கேப்பாங்க. அதுவும் ஒரே குடும்பம், அக்கா தம்பி. “வீட்டு ஆளை உள்ள நுழைக்கிறா”ன்னு பேசுவாங்க. உனக்கும் அது நல்லதில்லைன்னுதான் நினைச்சேன். அடுத்த பேப்பர்ல உன் பேரைப் போடலாம்னு இருந்தேன், நம்பு.

வீடியோவுல அப்படிச் சொல்லணும்னு நான் திட்டம் போடலடா. கேமராவுக்குப் பின்னால நின்னவங்க, “ஒரு சொந்தக் கதை சொல்லுங்க டாக்டர்”ன்னாங்க. வாயில வந்துடுச்சு. எனக்கும் அவ அம்மாதானே?

அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசிக்கல. அவர் பிரஷருக்கு அது தாங்காது. நீ சுகமா இருக்கேன்னு மட்டும் சொன்னேன். வீட்டு விஷயம் வெளிய போக வேணாம். நீ வந்ததும் பேசிச் சரிபண்ணிக்கலாம். காலேஜுக்கு ஒண்ணும் எழுதிடாதே, கெஞ்சிக் கேக்கிறேன்.

என்றும் உன் அக்கா,
ஆரபி


ராட்டர்டாம்
12 மார்ச் 2025

மதிப்பிற்குரிய யூசுப் மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் நலமா? நோன்பு நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. நான் பக்கத்து வீட்டுக் கந்தப்பு மகன் மதுசன்.

மாமா, எனக்கு ஒரு உதவி வேணும். இதோட அப்பாவுக்கு ஒரு கட்டு வச்சிருக்கேன். என் கடிதங்களை எழுதி முடிச்சதும் போன்ல படம் எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதையெல்லாம் அச்செடுத்திருக்கேன். அக்கா எனக்கு எழுதினதும் இருக்கு. அப்பாவோட வலது காதுப் பக்கம் உக்காந்து எல்லாத்தையும் வாசிங்க. அவர் அழுதாலும் நிறுத்தாதீங்க. இரக்கப்பட்டு ஒரு வரியைக்கூடத் தாண்டிடாதீங்க. அது ஒண்ணுதான் கேக்கிறேன்.

அப்பாவுக்கு உடம்பு எப்படின்னு நீங்க எழுதினா நம்புவேன்.

உங்கள் பிள்ளை மாதிரி,
மதுசன்


கேலாங்
6 ஏப்ரல் 2025

என்ர அன்பான தம்பிக்கு அப்பா சொல்ல, யூசுப் எழுதுறது.

நான் இருக்கிறன். முழங்கால் அப்பிடித்தான். பிரஷர் யூசுப் வீட்டு மெசினில பாத்தது, ஒண்டும் இல்லை. நீ அழாமச் சாப்பிடு.

யூசுப் எல்லாத்தையும் வாசிச்சவர். தம்பி, ஃபார்ம் எண்ட சொல்லையே நான் இப்பத்தான் கேக்கிறன். உன்ர கடிதம் எண்டு அவள் வாசிக்கிறதெல்லாம் குளிரும் சாப்பாடும்தான். நீ என்னைக் கேக்கச் சொல்லி எழுதினதும் தெரியாது. “அக்கா பாத்துக்கொள்ளுவாள்” எண்டு நான் சொல்லவே இல்லை. என்ர வாயையும் அவள் எடுத்துப்போட்டாள்.

உரல் துலைஞ்சது என்ர மறதி எண்டு நம்பி, ராவில படுத்துக்கொண்டு உங்கட பேர், அம்மான்ர பேர், வீட்டு நம்பர் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கிறன், தம்பி. மறந்து போகுதோ எண்டு.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை யூசுபும் நானும் டாக்ஸி பிடிச்சுக் கல்லூரிக்குப் போனம். வாசலில கண்ணாடிப் பெட்டி. யூசுப் எழுத்தை வாசிச்சவர், “முனைவர் ஆரபியின் குழந்தைப் பருவ உரல்” எண்டு இருக்காம். அந்த அனுப்ரியாப் பிள்ளை ஓடி வந்து, “மதுசன் அண்ணா அப்பாவா?” எண்டு கேட்டுது. இது என்ர மனுசியின்ர சாமான், தாங்கோ எண்டன். அந்தப் பிள்ளை ஆரையோ கேட்டுத் திறந்து கையில தந்தது. நீ ஒன்பது வயதில கீழ போட்டு நெளிஞ்ச பிடியைத் தடவிப் பாத்தன். அதேதான்.

போன ஞாயிறு அவள் வழமை மாதிரி வந்தாள். நான் ஒண்டும் கேக்கேல்லை. மாவையும் உரலையும் மேசையில வைச்சு, “பிள்ளை, எனக்கு இடியப்பம் வேணும், பிழிஞ்சு தா” எண்டன். பிறகு குழாய்த் தண்ணியை விட்டு மாவைக் குழைச்சாள். சுடுதண்ணி விட வேணும் எண்டே அவளுக்குத் தெரியாது, தம்பி. உரலுக்குள்ள போட்டு அமத்தினாள், அமத்தினாள், ஒரு நூல் வரேல்லை. அரை மணித்தியாலம் பக்கத்தில இருந்தன். கண் தெரியாட்டிலும் மூச்சு வாங்கிறது கேட்டுது. “காணும், போதும், வை” எண்டன். அதுக்குப் பிறகுதான் அழுதாள். நான் தேற்றேல்லை. அடுத்த முறை வரேக்க தம்பியின்ர நோட்டைக் கொண்டுவா எண்டு மட்டும் சொன்னன். நேற்றுக் கொண்டுவந்து தந்திட்டாள்.

யூசுப் அதை ஒவ்வொரு பக்கமாப் பாத்துக்கொண்டு வந்தவர். நடுவில ஒரு பக்கத்தில அம்மான்ர எழுத்து. “மதுசன் இடியப்பத் தகட்டை றப்பர் பசை விட்டுப் பழுதாக்கிப்போட்டான். ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தி எடுத்தன். புதுத் தகடு வாங்கித் தர வேணும். இல்லாட்டில் அடுத்த முறை உரல் தரமாட்டன். 14.2.2021.” யூசுப் வாசிக்க, எனக்கு அவள் குசினிக்குள்ள நிண்டு கத்திற மாதிரி இருந்தது. மூண்டு வருசமா அந்தச் சத்தம் இந்த வீட்டில இல்லை.

அந்தப் பக்கத்தை யூசுப் போனில படம் எடுத்து உனக்கு அனுப்புவார். நீ அதைக் கல்லூரிக்கு அனுப்பு. அவளும் என்ர பிள்ளைதான். நான் தூக்கி வளத்த பிள்ளை. எண்டாலும் அனுப்பு.

அப்பா

தம்பி, இது யூசுப் மாமா. ஒரு வரியும் விட வேண்டாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். நோட்டின் முதல் பக்கம், உன் பெயரும் தேதியும் இருந்திருக்க வேண்டிய பக்கம், கிழிக்கப்பட்டிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிடு.


ராட்டர்டாம்
21 ஏப்ரல் 2025

அக்கா,

இத்தனை வருஷத்துல சுகம் விசாரிக்காம நான் உங்களுக்கு எழுதுற முதல் கடிதம் இது.

அம்மா எழுதின பக்கத்தைக் காலேஜுக்கு அனுப்பிட்டேன். நான் உங்களுக்கு எழுதின நாலு பக்கத்தோட படத்தையும், ஃபார்ம்ல எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க எழுதின கடிதத்தையும் சேத்து அனுப்பிட்டேன். நேத்துப் பதில் வந்துச்சு. விசாரணைக் குழு போட்டிருக்காங்களாம், என்னை மே மாசம் கூப்பிடுவாங்களாம். மாஸ்டர்ஸ் இடத்தைப் பத்திக் கேட்டேன். இந்த வருஷப் பட்டியல் முடிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிடும்னு சொல்லிட்டாங்க. ஆக என் பேரு திரும்பி வந்தாலும் எனக்கு அந்த இடம் இல்ல. உங்களுக்கு இது தெரியணும்.

முதல் பக்கத்தை நீங்க கிழிச்சது எனக்குத் தெரியும். அம்மா பக்கத்தைப் பாக்காம விட்டீங்களா, பாத்தும் கிழிக்க மனசு வரலையான்னு ஒரு வாரமா யோசிக்கிறேன். பாத்துட்டு விட்டதா இருக்கணும்னு ஒரு ஆசை. நோட்டோட பாதிக்கு மேல நீங்க திருப்பியே இருக்க மாட்டீங்கன்னும் தோணுது. கேட்டா நீங்க ஒண்ணு சொல்லுவீங்க. அதை நம்ப என்னால முடியாது. அதனால கேக்கல.

மே நாலாம் தேதி வர்றேன். ஏர்போர்ட்டுக்கு வராதீங்க, நேரா கேலாங் போறேன். அப்பாவுக்கு இடியப்பம் பிழியணும். அம்மாவுக்கு வாங்கித் தரேன்னு சொல்லி நாலு வருஷமா வாங்காத புதுத் தகட்டைச் சிராங்கூன் ரோட்ல வாங்கிட்டுப் போவேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம். அவருக்கு நான் தனியா எழுதிட்டேன். இனி யூசுப் மாமா வாசிப்பார்.

மதுசன்